சகோதரியின் எழுத்துக்குப் புள்ளியிடுவோம்



நமது ஊர்களில் எழுதுகின்ற பெண்கள் குறைவானவர்கள் அல்லர். பிள்ளைகளை உறங்க வைத்து, அடுப்படி வேலையை முடித்து, விடிந்தால் பாடசாலைக்கும் கந்தோருக்கும் போகிறவர்களுக்குத் தேவையானவற்றை ஆயத்தப்படுத்திவிட்டு, எஞ்சுகின்ற அரைமணி நேரத்தில் கொப்பியைத் திறந்து நான்கு வரி எழுதுகின்ற சகோதரிகள் பலர் இருக்கின்றனர். அவர்கள் எழுதுவதில் கதை இருக்கிறது, கவிதை இருக்கிறது, பிள்ளை வளர்ப்புப் பற்றிய கட்டுரை இருக்கிறது. அவற்றிற் சில பத்திரிகைக்கோ வானொலிக்கோ அனுப்பப்படுகின்றன. ஏற்றுக்கொள்ளப்பட்டால் மகிழ்ச்சி. ஏற்கப்படாவிட்டால், ஏன் ஏற்கப்படவில்லை என்பதை எவரும் அவருக்குச் சொல்வதில்லை.

இந்தக் குறையைப் போக்கிக் கொள்வதற்காகவே எழுதும் சகோதரிகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வட்டங்களை அமைத்துக் கொள்கிறார்கள். மாதம் ஒரு முறை ஒருவரது வீட்டில் கூடுகிறார்கள். ஒருவர் தமது கதையை வாசிக்கிறார். முடிந்ததும் மற்றவர்கள் எல்லோரும், “மாஷா அல்லாஹ், நல்லா இருக்கு” என்கிறார்கள். அடுத்தவர் வாசிக்கிறார். அவருக்கும் அதே வார்த்தைதான். பிறகு தேநீர் வருகிறது. கதை, குடும்பக் கதையாகிவிடுகிறது. இவ்வாறு ஒரு வருடம் கழிந்தபின் பாருங்கள். அந்தச் சகோதரியின் பன்னிரண்டாவது கதையிலும் முதற்கதையில் இருந்த அதே பிழைகள் இருக்கும். நன்றாக எழுதக்கூடிய ஒருவர் மெல்ல மெல்ல வராமலே விட்டிருப்பார்.

அவர் ஏன் வராமல் விட்டார்? யாரும் அவரைக் குறை கூறவில்லையே! ஆம், குறையும் கூறவில்லை; நிறையையும் கூறவில்லை. ‘நல்லா இருக்கு’ என்ற வார்த்தை எல்லோருக்கும் ஒரே அளவாகப் பங்கிடப்பட்டபோது, தம்முடைய எழுத்தை உண்மையில் எவரும் வாசிக்கவில்லை என்பதை அவர் விளங்கிக் கொண்டார். அவ்வளவுதான்.

எனவே, இத்தகைய வட்டங்களில் உள்ள சகோதரிகளிடம் நான் முன்வைக்க விரும்பும் ஆலோசனை இதுதான்: ஒருவர் எழுதியதை மற்றவர்கள் வாசித்து, காரணம் கூறிப் புள்ளியிடுங்கள். இது பரீட்சை வைப்பதற்காக அல்ல. வாசித்தவர், தாம் வாசித்ததை உள்ளபடி கூறுவது எழுதியவருக்குச் செலுத்தவேண்டிய கடன் என்பதற்காக.

புகழ்ச்சியும் ஒரு சுமைதான்

“மனம் நோகும்” என்பதுதான் இதற்கு முதலில் கூறப்படும் மறுப்பு. எழுதியவர் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். அல்லது மதினியாகவோ சாச்சியின் மகளாகவோ இருப்பார். நாளை ஒரு கல்யாண வீட்டில் முகம் பார்க்க வேண்டியிருக்கும். இந்த அச்சம் நியாயமானதே. அதற்காக எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டுப் போவது பாதுகாப்பான வழி என்று எண்ணக்கூடாது.

ஒருவர் மற்றொருவரை முகத்துக்கு நேரே அளவு கடந்து புகழ்ந்தபோது, அது அவருடைய கழுத்தை வெட்டுவதற்கு ஒப்பானது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் காண்கிறோம். புகழத்தான் வேண்டுமென்றால், தாம் அறிந்த அளவுக்கு, ‘இவ்வாறு எண்ணுகிறேன்’ என்று கூறும்படியும் அதிலே வழிகாட்டப்பட்டுள்ளது. இந்த வழிகாட்டல் எழுத்துக்கும் பொருந்தும். ‘உங்களைப் போல் எழுத ஆளில்லை’ என்று கேட்டுப் பழகிய ஒரு சகோதரி, தமது கதையை வெளியே அனுப்பி அது திரும்பி வந்த நாளில் படும் வேதனைக்கு யார் பொறுப்பு? அவரது வீட்டிலேயே, அன்புள்ளவர்கள் மத்தியில் அந்தக் குறை சொல்லப்பட்டிருந்தால் அவர் அதைத் திருத்தியிருப்பார்.

உக்காழ் சந்தையிலே

ஒருவர் மற்றவரின் ஆக்கத்தை மதிப்பிடுவது புதிய வழக்கம் அல்ல. இஸ்லாத்துக்கு முந்திய காலத்திலே, தாயிஃப் நகருக்கு அருகில், துல்கஃதா மாதத்தில் உக்காழ் என்ற சந்தை கூடும். அங்கே வியாபாரம் மட்டும் நடைபெறவில்லை, கவிஞர்களும் கூடினார்கள். நாபிகா துப்யானி என்ற மூத்த கவிஞருக்குத் தோலினாலான ஒரு கூடாரம் அமைக்கப்படும். கவிஞர்கள் அவர் முன் சென்று தமது கவிதைகளைப் பாடிக் காட்டுவார்கள். அவர் தீர்ப்புக் கூறுவார்.

ஒருமுறை அஃஷா பாடினார். பிறகு ஹஸ்ஸான் இப்னு ஸாபித் பாடினார். அதன்பின் கன்ஸா என்ற பெண் கவிஞர் தம் சகோதரர் ஸக்ருடைய மரணத்துக்காகத் தாம் இயற்றிய இரங்கற்பாவைப் பாடினார். அஃஷா மட்டும் முன்னதாகப் பாடியிருக்காவிட்டால் கன்ஸாவையே எல்லோரிலும் சிறந்தவர் என்று கூறியிருப்பேன் என்ற கருத்தில் நாபிகா பேசினார். ஹஸ்ஸானுக்குக் கோபம் வந்துவிட்டது. இவர்கள் எல்லோரையும்விடத் தாமே சிறந்த கவிஞர் என்றார். இந்த ஹஸ்ஸான் (ரழி) அவர்களே பின்னர் நபி (ஸல்) அவர்களின் கவிஞராகத் திகழ்ந்தார்கள். கன்ஸா (ரழி) அவர்களும் இஸ்லாத்தை ஏற்று ஸஹாபிப் பெண்மணியானார்கள்.

அந்தக் கோபத்துக்குக் கிடைத்த பதிலைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ‘உமது கவிதை எனக்குப் பிடிக்கவில்லை’ என்ற பதில் அல்ல அது. ஹஸ்ஸானுடைய ஒரு வரி எடுத்துக்கொள்ளப்பட்டு, சொல் சொல்லாகப் பரிசீலிக்கப்பட்டது. தம் குலத்தாரின் விருந்தோம்பலையும் வீரத்தையும் புகழ்ந்து பாடிய வரி அது. அதிலே, நமது சஹனைப் போன்ற பெரிய உணவுத் தட்டுகளையும் வாள்களையும் குறிக்க, அரபு இலக்கணத்தில் பத்துக்குட்பட்ட எண்ணிக்கையைக் காட்டும் பன்மை வடிவத்தை அவர் பாவித்திருந்தார். பெருமை பேச வந்தவர் எண்ணிக்கையை ஏன் குறைக்க வேண்டும்? தட்டுகள் முற்பகலில் மின்னுகின்றன என்றார். விருந்தாளிகள் அதிகம் வருவது இரவில் அல்லவா? வாள்களிலிருந்து இரத்தம் சொட்டுகிறது என்றார். பாய்கிறது என்றால் இன்னும் வலுவாக இருந்திருக்குமே! இவ்வாறு அந்த விமர்சனம் அமைந்தது. இதைக் கூறியவர் நாபிகா என்று சில நூல்களும், கன்ஸாதான் என்று வேறு சில நூல்களும் குறிப்பிடுகின்றன.

கதை இத்துடன் முடியவில்லை. கி.பி. 10 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குதாமா இப்னு ஜஃபர் என்ற இலக்கியத் திறனாய்வாளர் ஹஸ்ஸானின் பக்கம் நின்று பேசினார். இரவிலே சிறு ஒளியும் மின்னத்தான் செய்யும். பகலில் மின்னுவதற்கே மிகுந்த ஒளி வேண்டும் என்றார். வாளில் இரத்தம் சொட்டுகிறது என்பதே வழக்கிலுள்ள பேச்சு என்றார். ஆக, விமர்சனமும் விமர்சிக்கப்பட்டது. சொல்லுக்குச் சொல் காரணம் கூறப்பட்டதனால்தான், பல நூற்றாண்டுகளின் பின்னரும் அதற்குப் பதில் கூற முடிந்தது. ‘நல்லா இருக்கு’ என்பதற்கும் ‘நல்லா இல்லை’ என்பதற்கும் யாரால் பதில் கூற முடியும்?

நமது தமிழ் மரபிலும் இது இருந்தது. ஒரு நூலை இயற்றிய புலவர் அதை அறிஞர் சபையிலே பாடி, பொருள் கூறி, கேள்விகளுக்கு விடை சொல்லி அரங்கேற்றினார். உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அவ்வாறு அரங்கேற்றம் கண்ட காவியமே.

ஆயிஷா (ரழி) அவர்கள் திருத்திய முறை

பெண்களுக்கு இந்தத் துறையில் சிறப்பான ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஸஹாபாக்கள் சிலர் அறிவித்த செய்திகளை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் திருத்தியிருக்கிறார்கள். அத்திருத்தங்களை மட்டும் தொகுத்து, ஹிஜ்ரி 794 இல் மரணித்த இமாம் ஸர்கஷி (ரஹ்) அவர்கள் ஒரு தனி நூலே எழுதியுள்ளார்கள்.

குடும்பத்தார் அழுவதனால் மையித்துக்கு வேதனை உண்டு என்ற செய்தியை இப்னு உமர் (ரழி) அவர்கள் அறிவித்தார்கள். அது அன்னையவர்களிடம் கூறப்பட்டபோது அவர்கள் எப்படிப் பேசினார்கள் என்பதைப் பாருங்கள். முதலில் இப்னு உமருக்காக அல்லாஹ்வின் மன்னிப்பை வேண்டினார்கள். இரண்டாவதாக, அவர் பொய் சொல்லவில்லை என்று அவரது நேர்மைக்குச் சாட்சி கூறினார்கள். மூன்றாவதாக, அவர் மறந்திருக்கலாம் அல்லது தவறியிருக்கலாம் என்றார்கள். நான்காவதாக, அந்தச் செய்தி எந்தச் சந்தர்ப்பத்தில் கூறப்பட்டது என்று தாம் அறிந்ததை விளக்கினார்கள்.

சகோதரிகளே, இந்த நான்கு படிகளையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். எழுதியவருக்கு நன்மையை நாடுங்கள். அவரது முயற்சியையும் நோக்கத்தையும் சந்தேகிக்காதீர்கள். தவறு எங்கே என்று சுட்டிக் காட்டுங்கள். ஏன் அது தவறு என்று விளக்குங்கள். இந்தப் படிகளில் ஏறி வந்த வார்த்தை மனதை நோகடிப்பது அரிது. சற்று நோகடித்தாலும், அது மருந்து போட்ட இடத்தில் ஏற்படும் எரிச்சலைப் போன்றதே.

உறவு குறுக்கே நிற்குமானால் இன்னொரு சம்பவத்தையும் நினைவுகூரலாம். ஹதீஸ் கலை மேதை அலி இப்னுல் மதீனி (ரஹ்) அவர்களிடம் அவரது தந்தையின் அறிவிப்புகளைப் பற்றிக் கேட்கப்பட்டது. வேறு எவரிடமாவது கேளுங்கள் என்றார். மீண்டும் கேட்டபோது தலையைத் தாழ்த்தியிருந்துவிட்டு, இது மார்க்க விடயம் என்றும், தம் தந்தை அறிவிப்பதில் பலவீனமானவர் என்றும் கூறினார். தந்தை மீது அவருக்கு அன்பில்லை என்று எவரும் கூறமாட்டார்கள். அன்பு வேறு, அளவுகோல் வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

காரணம் கூறாத குறை

அறிவிப்பாளர்களைத் தரப்படுத்திய இமாம்கள் ‘நல்லவர்’, ‘கெட்டவர்’ என்ற இரண்டே வார்த்தைகளோடு நின்றுவிடவில்லை. ஹிஜ்ரி 327 இல் மரணித்த இப்னு அபீ ஹாதிம் (ரஹ்) அவர்கள் நிறை கூறுவதில் நான்கு படிகளையும் குறை கூறுவதில் நான்கு படிகளையும் வகுத்தார்கள். ஹிஜ்ரி 852 இல் மரணித்த இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் 12 படிகளாக அதை விரித்தார்கள். மிக உறுதியானவர், உண்மையாளர், உண்மையாளரெனினும் சில வேளை தவறுபவர் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தை இருந்தது. நாம் இடுகின்ற புள்ளியும் இப்படியான ஒரு படிதான்.

இதிலே அவர்கள் கடைப்பிடித்த ஒரு விதி நமக்கு மிகவும் பயன்படும். நிறை கூறினால் காரணம் கேட்காமல் ஏற்கலாம்; குறை கூறினால் காரணம் கூறப்பட வேண்டும் என்பதே இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) போன்றோர் எடுத்துக்கூறும் விதியாகும். ஏன் இந்த விதி? ஒருவர் குறையெனக் கருதுவது உண்மையில் குறையாக இல்லாமல் இருக்கலாம். ஓர் அறிவிப்பாளரை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று இமாம் ஷுஃபா (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்டதாம். அவர் ஒரு மட்டக் குதிரையை விரட்டிக் கொண்டு போனதைக் கண்டேன் என்று அவர்கள் பதிலளித்ததாக நூல்களில் இருக்கிறது. காரணம் வெளியே வந்ததனால்தான், அது அறிவிப்பைத் தள்ளிவிடப் போதுமானதா என்று மற்றவர்களால் சிந்திக்க முடிந்தது.

நாமும் சில வேளை கையெழுத்து அழகில்லை என்பதற்காகப் புள்ளியைக் குறைத்துவிடுவோம். கதையில் வரும் மாமியார் நம்மைக் குறிக்கிறாளோ என்ற சந்தேகத்தில் குறைப்போம். எழுதியவரின் குடும்பத்தோடு நமக்குள்ள மனத்தாங்கலில் குறைப்போம். காரணத்தை எழுதவேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் பேனை அங்கேயே நின்றுவிடும். வெளியே சொல்ல வெட்கப்படுகின்ற காரணம், காரணமே அல்ல.

நமது நன்மைக்காக நான் நிறைக்கும் ஒரு காரணம் கேட்பேன். ‘இந்த இடம் நன்றாக இருக்கிறது’ என்று விரலை வைத்துச் சொன்னால்தான், அடுத்த கதையில் அதைப் போல் மீண்டும் எழுத அவருக்குத் தெரியவரும்.

ஓரத்தில் எழுதுங்கள், உள்ளே எழுதாதீர்கள்

வேறொருவர் எழுதியதில் நாம் எவ்வளவு தூரம் கை வைக்கலாம்? பழைய ஏட்டுப் பிரதிகளைச் சரிபார்த்த ஹதீஸ் அறிஞர்கள் இதற்கு அழகான ஒழுங்குகளை வைத்திருந்தார்கள். மூலத்தில் தவறு காணப்பட்டாலும் பெரும்பாலானோர் அதை அழிக்கமாட்டார்கள் என்று காழி இயாழ் (ரஹ்) அவர்கள் குறிப்பிடுகிறார்கள். உள்ளதை உள்ளபடி விட்டுவிட்டு, சரியானதை ஓரத்திலே எழுதுவார்கள்.

சந்தேகம் தரக்கூடிய, ஆனால் சரியான ஒரு சொல்லின் மேல் ‘ஸஹ்ஹ’ (சரி) என்று எழுதுவார்கள். மூலத்தில் அவ்வாறே இருக்கிறது, ஆனால் கருத்திலோ இலக்கணத்திலோ குறை தெரிகிறது என்றால், அந்தச் சொல்லின் முதல் எழுத்தாகிய ‘ஸாத்’தை மட்டும் நீட்டி இழுத்து விடுவார்கள். அதாவது ‘சரி’ என்பதன் பாதி. இது முழுமையாகச் சரியில்லை, ஆனால் நான் இதை அழிக்கவும் இல்லை என்பது அதன் பொருள். எவ்வளவு மரியாதையான அடையாளம்!

உங்கள் சகோதரியின் கொப்பியிலும் இவ்வாறே செய்யுங்கள். பென்சிலால் ஓரத்தில் குறியிடுங்கள். அவருடைய வசனத்தை வெட்டிவிட்டு உங்கள் வசனத்தை எழுதாதீர்கள். எழுத்துப் பிழைகளான ல, ள, ழ மயக்கமும் ர, ற மயக்கமும் ஓரத்தில் குறிக்கப்படட்டும். ஆனால், கதாபாத்திரம் தன் ஊர் வழக்கில் ‘ராத்தா’ என்றோ ‘லாத்தா’ என்றோ பேசினால் அதைப் பிழையென்று திருத்தாதீர்கள். அது அவளுடைய பேச்சு.

புள்ளியிடும் முறை

ஒவ்வோர் ஆக்கத்துக்கும் மொத்தம் 20 புள்ளிகள் என்று வைத்துக்கொள்ளலாம். அதை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளிகள் கொடுங்கள்.

முதலாவது, மொழி. வசனங்கள் தடங்கலின்றி வாசிக்கக் கூடியனவா? பிழைகள் வாசிப்பைத் தடுக்கின்றனவா?

இரண்டாவது, பொருள். சொல்ல வந்தது என்ன? அது வாசிப்பவருக்கு விளங்கியதா?

மூன்றாவது, அமைப்பு. எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே தொடங்கியதா? தேவையில்லாமல் நீள்கிறதா? முடிவு கதையிலிருந்து பிறந்ததா, வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டப்பட்டதா?

நான்காவது, உண்மைத்தன்மை. இந்த மனிதர்கள் நமது வீடுகளில் பேசுவது போலப் பேசுகிறார்களா? இப்படி நடக்கக்கூடியதா?

ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஒரு வசனத்தில் காரணம் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, ஒரு சகோதரி தாயின் நோயைப் பற்றிக் கதை எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘அமைப்பு 2. சோகம் அதிகம்’ என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. ‘அமைப்பு 2. உம்மா ஆஸ்பத்திரியிலிருந்து தன் வளையலைக் கழற்றி மகளிடம் கொடுத்து அனுப்பும் இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன்பின் மகள் மூன்று பக்கங்களுக்கு அழுகிறாள். அப்போது என் கண்ணீர் காய்ந்துவிட்டது’ என்று எழுதினால், எந்தப் பக்கங்களைக் குறைக்க வேண்டும் என்பது மட்டுமல்ல, தமது கதையின் மிகச் சிறந்த இடம் எது என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

மேலும் சில ஒழுங்குகள்:

ஆக்கங்களைச் சந்திப்புக்கு ஒரு வாரம் முன்னதாகவே பகிர்ந்து கொள்ளுங்கள். செவியால் ஒருமுறை கேட்டுவிட்டுப் புள்ளியிடுவது நியாயமாகாது. போட்டோ பிரதி எடுத்தோ தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பியோ இதைச் செய்யலாம்.

புள்ளிகளை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். கூட்டத்தில் வயதில் மூத்த ஒருவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால், இளையவர்கள் எல்லோரும் அதையே பின்பற்றுவார்கள்.

பெயரெழுதிக் கொடுங்கள். பெயரின்றி எழுதினால் துணிவாகச் சொல்லலாம் என்பர் சிலர். துணிவு வரும், பொறுப்பு போய்விடும். ‘நம்பகமான ஒருவர் எனக்கு அறிவித்தார்’ என்று பெயர் சொல்லாமல் கூறுவதைப் பெரும்பாலான ஹதீஸ் அறிஞர்கள் போதுமானதாக ஏற்கவில்லை என்பதை இங்கு சிந்தியுங்கள்.

ஓர் ஆக்கத்துக்குக் குறைந்தது மூன்று பேராவது புள்ளியிடுங்கள். ஒருவரின் ரசனை தவறலாம். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத இருவர் ஒரே பந்தியில் விரலை வைத்தால், அங்கே ஏதோ இருக்கிறது என்பது உறுதி.

தமது ஆக்கத்தைக் கொடுப்பவர், மற்றவர்களின் மூன்று ஆக்கங்களையாவது வாசித்துப் புள்ளியிட வேண்டும் என்று விதி வையுங்கள். வாங்குவதற்கு மட்டும் வருபவர்களால் எந்த வட்டமும் நிலைக்காது.

முதலாமிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்காதீர்கள். ஒருவரின் இம்மாதப் புள்ளியை அவரது சென்ற மாதப் புள்ளியோடு ஒப்பிடுங்கள். அடுத்தவரின் புள்ளியோடு ஒப்பிடாதீர்கள். எல்லோருக்கும் 18 கொடுக்காதீர்கள். கட்டுரைக் கொப்பி திருத்துகின்ற எந்த ஆசிரியரும் அறிவார்; எல்லோருக்கும் ஒரே புள்ளியென்றால், புள்ளியே இடவில்லை என்றுதான் அர்த்தம்.

“எனக்கென்ன தெரியும்?”

“நான் சாதாரண தரம்தான் படித்தேன். இன்னொருவரின் எழுத்துக்குப் புள்ளியிட எனக்கென்ன தகுதி?” என்று ஒதுங்குகின்ற சகோதரிகள் அநேகர். இந்தத் தயக்கத்தில் பணிவு இருக்கிறது. ஆனால், அது தவறான இடத்தில் வைக்கப்பட்ட பணிவு.

ஆணத்தில் உப்பு அதிகம் என்று சொல்வதற்குச் சமையற்கலை படித்திருக்க வேண்டுமா? நீங்கள் தீர்ப்புக் கூறும் நீதிபதியாக வேண்டியதில்லை. கண்டதைச் சொல்லும் சாட்சியாக இருந்தால் போதும். ‘இந்த இடத்தில் எனக்கு விளங்கவில்லை, மேலே போய் மறுபடியும் வாசித்தேன்.’ ‘இந்த இடத்தில் கொப்பியை மூடிவிட நினைத்தேன்.’ ‘இந்த இடத்தை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன்.’ இவை மூன்றும் சாட்சியங்கள். எந்தப் பேராசிரியராலும் இவற்றை உங்களுக்காகக் கூற முடியாது. எழுதிய சகோதரி பெரும்பாலும் உங்களைப் போன்ற ஒருவர் வாசிப்பதற்காகவே எழுதினார் அல்லவா?

பிறருடைய எழுத்தைக் கவனமாக வாசித்துக் காரணம் தேடுகின்றவரின் சொந்த எழுத்தும் திருந்துகிறது. அரபுக் கல்லூரிகளின் மாணவர் மன்றங்களில் ஒருவர் பேசியதும் மற்றொருவர் எழுந்து அப்பேச்சின் நிறை குறைகளைக் கூறும் வழக்கம் உண்டு. அந்தப் பொறுப்பை ஏற்றவர், மற்றவர்களைவிடக் கூர்ந்து கேட்பார். அடுத்த வாரம் அவர் பேசும்போது அந்தக் குறைகள் அவரிடம் வராமல் பார்த்துக்கொள்வார். பயன் இருவருக்கும் உண்டு.

வீட்டுக்கு வீடு கொண்டு செல்லாதீர்கள்

இது மிக முக்கியமானது. ஒரு வட்டம் குலைவது பெரும்பாலும் வட்டத்துக்குள் பேசியதனால் அல்ல, வெளியே போய்ப் பேசியதனால்தான். எழுதியவரின் முன்னால், அவர் பயன்பெறுவதற்காகச் சொன்னால் அது நஸீஹத். அதே வார்த்தையை, அவர் இல்லாத இடத்தில், மற்றவர் சிரிப்பதற்காகச் சொன்னால் அது புறம். வார்த்தை ஒன்றுதான்; இடமும் நோக்கமும் மாறிவிட்டன. அறிவிப்பாளர்களின் குறையை வெளிப்படையாகப் பேச இமாம்கள் அனுமதித்தது, சமுதாயம் முழுவதற்கும் போய்ச் சேரும் ஹதீஸைப் பாதுகாக்க வேண்டிய நிர்ப்பந்தத்தால். நமது சகோதரியின் சிறுகதைக்கு அப்படியொரு நிர்ப்பந்தம் இல்லை.

அதைவிட நுட்பமான ஓர் ஆபத்தும் உண்டு. பெண்கள் எழுதும்போது வீட்டுக் கவலைகள் எழுத்தில் வந்துவிடும். கதையில் கணவன் கை ஓங்கினால், அது எழுதியவரின் கணவன்தான் என்று முடிவுகட்டி ஊரெல்லாம் பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இதற்குப் பயந்தே பலர் உண்மையை எழுதாமல், பூவையும் நிலாவையும் பற்றி எழுதிவிட்டு நிறுத்திக் கொள்கிறார்கள். கதையைக் கதையாக வாசியுங்கள். ‘இது யார்?’ என்ற கேள்வி உங்கள் வட்டத்தில் எழவே கூடாது. ‘இது எப்படி எழுதப்பட்டிருக்கிறது?’ என்பது மட்டுமே கேள்வி.

புள்ளி பெறுகின்ற சகோதரிக்கு

இனி, எழுதிய சகோதரியே, உங்களுக்குச் சில வார்த்தைகள்.

குறை சொல்லப்படும்போது உடனே விளக்கம் கொடுக்காதீர்கள். ‘நான் நினைத்தது இதுதான்’ என்று நீங்கள் வாயால் விளக்க வேண்டியிருந்தால், அது கதையில் இல்லை என்றே பொருள். கேட்டுக் கொள்ளுங்கள், குறித்துக் கொள்ளுங்கள், ஜஸாக்கில்லாஹ் கைர் என்று கூறிவிட்டு வீட்டுக்குப் போங்கள். இரண்டு நாட்கள் கழித்துக் கொப்பியைத் திறவுங்கள். மனம் ஆறிய பின்புதான் சொன்னவரின் நியாயம் கண்ணுக்குத் தெரியும்.

அதேவேளை, சொன்ன எல்லாவற்றையும் ஏற்க வேண்டும் என்ற கடமையும் உங்களுக்கு இல்லை. ஹஸ்ஸானின் வரியைக் குறை கூறினார்கள். ஆயினும் அந்த வரி இன்றும் அவரது கவிதையில் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு நியாயம் கூறவும் ஒருவர் பின்னர் வந்தார். மூவரில் ஒருவருக்கு மட்டும் பிடிக்காத இடத்தை நீங்கள் விரும்பினால் வைத்துக் கொள்ளுங்கள். மூவரும் தடுமாறிய இடத்தை மட்டும் பிடிவாதமாக வைத்துக் கொள்ளாதீர்கள்.

20 க்கு 9 வந்துவிட்டதே என்று கலங்காதீர்கள். அந்தப் புள்ளி உங்களுக்கல்ல, அந்த நான்கு தாள்களுக்கு. அதே கதையைத் திருத்தி எழுதி மீண்டும் கொண்டு வாருங்கள். ஒன்பது பன்னிரண்டாவதைக் காணும் மகிழ்ச்சிக்கு வேறெதுவும் ஈடாகாது. முதல் நாளே 19 வாங்கியவருக்கு அந்த மகிழ்ச்சி கிடைப்பதில்லை.

அடுத்த சந்திப்பிலிருந்து

இமாம் கதீப் பக்தாதி (ரஹ்) அவர்கள், ஹதீஸ்களை எழுதும்போது ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சிறு வட்டத்தை இடும்படியும், அதை வெறுமையாக விட்டுவைக்கும்படியும் விரும்பினார்கள். அந்த ஹதீஸ் மூலப் பிரதியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்ட பின்னரே வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைக்கப்படும். வெறும் வட்டம் என்றால், எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்று பொருள்.

நமது சகோதரிகளின் கொப்பிகளில் இப்படி வெறும் வட்டங்கள் எத்தனையோ கிடக்கின்றன. அடுத்த மாதம் உங்கள் வட்டம் கூடுவதற்கு முன்னர் யாராவது ஒரு சகோதரியிடம், “உங்கள் கதையைத் தாருங்கள், நான் வாசித்துப் புள்ளியிட்டுத் தருகிறேன்” என்று கேளுங்கள். உங்களுடையதையும் அவரிடம் கொடுங்கள். இருவர் இருந்தாலே தொடங்கிவிடலாம். வட்டம் இல்லாத ஊரில் இருப்பவர்கள் தபாலிலும் செய்யலாம், தொலைபேசியிலும் செய்யலாம். வாசித்து முடித்ததும் அவரது கொப்பியின் கடைசி வரிக்குக் கீழே ஒரு சிறு வட்டமிட்டு, அதற்குள் ஒரு புள்ளி வையுங்கள். பக்கத்தில் உங்கள் பெயரையும் திகதியையும் எழுதுங்கள். இந்த எழுத்தை ஒருவர் முழுமையாக வாசித்தார் என்பதற்கு அது சாட்சியாக இருக்கட்டும்.